555 புத்தகமும் 1927 சிக்காகோவும்

2016 டிசம்பர் கடைசியில்தான் அந்த எபிசோடைப் பார்த்தேன். கோலாலம்பூரில் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்ட வாடகை வீடு. கணக்கியல் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவு. கூட இருந்த நண்பன் ஹார்ட் டிஸ்க்கை நீட்டி, "இத பாருடா, மண்டைக்கு வேலையே இல்ல" என்றான். 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' தொடரின் இரண்டாவது சீசன், எட்டாவது எபிசோட். பெயர் 'தி சிக்காகோ வே'.

அவன் சொன்னது பெரும்பாலும் சரிதான். டிசி காமிக்ஸ் உலகத்தில் முதல் வரிசைக்கு வராத நாயகர்களை ஒரு காலக்கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். வாரம் ஒரு காலம், வாரம் ஒரு உடை. யாரோ வரலாற்றைக் கலைத்துவிடுவார்கள். இவர்கள் போய் அதைச் சரிசெய்வதாகச் சொல்லி இன்னும் கொஞ்சம் கலைத்துவிட்டு வருவார்கள். அந்த வாரம் 1927. மதுவிலக்கு அமலில் இருந்த சிக்காகோ. தொப்பி, நீளக் கோட்டு, கள்ளச்சாராய விடுதி, ஜாஸ் இசை, டாமி துப்பாக்கி. அல் காப்போன் இருக்கிறான். அவனை வீழ்த்தியவர் என்று பிற்காலம் பேசப்போகும் எலியட் நெஸ்ஸும் இருக்கிறார். நெஸ்ஸைத் தீர்த்துக்கட்ட, வேறு வேறு காலங்களிலிருந்து வந்து சேர்ந்த மூன்று வில்லன்கள் காப்போனுக்குக் கைகொடுக்கிறார்கள்.

பாதி கவனத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மிக் ரோரியின் முன்னால் லெனர்ட் ஸ்நார்ட் வந்து நின்றான். ஸ்நார்ட் முதல் சீசன் முடிவிலேயே செத்துப்போனவன். மிக் சாக வேண்டிய இடத்தில், மிக்கை அடித்து மயக்கிப் போட்டுவிட்டு, தான் நின்று செத்தவன். இப்போது மிக்கின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். 'நீயெல்லாம் ஒரு ஹீரோவா' என்கிற மாதிரி சீண்டுகிறான். நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதற்குக் கதை காரணமில்லை. அந்த இரண்டு முகங்கள்தான் காரணம். மிக்காக நடித்தவர் டொமினிக் பர்செல், ஸ்நார்ட்டாக நடித்தவர் வெண்ட்வர்த் மில்லர். அவர்கள் இரண்டு பேரையும் நானும் என் அண்ணனும் வேறு பெயர்களில் அறிந்திருந்தோம்.

*

2007இல் எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. கிள்ளானில் ஐந்து மாடி அடுக்குமாடியில் நான்காவது மாடி எங்கள் வீடு. அண்ணன் கார் கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதல் சம்பளத்தில் பாசார் மாலாமில் 'பிரிசன் பிரேக்' டிவிடி வாங்கி வந்தான். ஒரு தட்டு ஐந்து வெள்ளி. மலாய் வசனவரிகளை யார் போட்டார்களோ, ஒருவன் பேசுவது அடுத்தவன் வாயசைக்கும்போது வரும். அம்மா தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்போம்.

அதில் பர்செல் அண்ணன், மில்லர் தம்பி. செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்று அண்ணன் லிங்கன் சிறையில் இருக்கிறான். பொறியாளரான தம்பி மைக்கேல் சிறையின் வரைபடத்தை உடம்பில் பச்சை குத்திக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு வங்கியில் துப்பாக்கியைத் தூக்கி மாட்டிக்கொண்டு, அண்ணனை மீட்க அதே சிறைக்குள் போகிறான். அந்தக் கதையும் சிக்காகோவில்தான் தொடங்கும். சிறைக் காட்சிகளை எடுத்தது இல்லினாயில் 2002இல் மூடப்பட்ட ஜோலியட் சிறையில். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தம்பி கெட்டிக்காரன், அண்ணன் பலசாலி.

"நான் உள்ள போனா நீ வருவியாடா?" என்று அண்ணன் ஓர் இரவு கேட்டான்.

"வருவேண்ணே."

"முதுகுல பிளான் குத்திக்கிட்டு?"

"அம்மா அடிக்கும்."

அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான்.

2011இல் அவன் உள்ளே போனான். பெரிய சிறை இல்லை, பாலாயில் லோக்காப். அடிதடி வழக்கு. அதற்குள் கார் கழுவும் கடையை விட்டுவிட்டு யாரோ ஒரு 'பாஸ்' பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். அம்மா காலையில் சேலை மாற்றிக்கொண்டு, "நீயும் வாடா, எனக்கு மலாய்ல பேச வராது" என்றார். நான் நான்காம் படிவத்தில் இருந்தேன். "எனக்கு டியூஷன் இருக்கும்மா" என்றேன். டியூஷன் இருந்தது உண்மைதான். இரண்டு நாள் கழித்து அவன் ஜாமீனில் வந்தான். எதுவும் கேட்கவில்லை. வரும்போது எனக்கு மீ கோரேங் பொட்டலம் ஒன்று வாங்கி வந்திருந்தான்.

2013 ஜூனில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வெட்டுப்பட்டுச் செத்தான். இருபத்து நான்கு வயது. அந்த ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. பத்திரிகையில் அது வந்த நாள் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே மடித்து வைத்தார்.

*

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு எபிசோடை மீண்டும் ஓட விட்டேன். கதை இப்போது வேறு திசைக்குப் போனது. நெஸ்ஸைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, காப்போனின் கணக்குப் புத்தகம் வேண்டும் என்று குழு இறங்குகிறது. ஒருவன் உடம்பு எஃகாக மாறும். ஒருவன் எறும்பு அளவு சுருங்குவான். இரண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்து தீயாகப் பறப்பார்கள். இத்தனை சக்தியும் சேர்ந்து தேடுவது ஒரு பேரேட்டை. அறையில் தனியாகச் சிரித்தேன். மறுநாள் என் பரீட்சையும் அதைப் பற்றித்தான்.

ஆனால் வரலாற்றில் நடந்தது இதைவிட விசித்திரம். காப்போனைக் கொலைக்காகத் தண்டிக்க யாராலும் முடியவில்லை. சாட்சி சொல்ல ஆள் வரமாட்டார்கள். 1929 காதலர் தினத்தில் ஒரு வண்டிக் கொட்டகையில் ஏழு பேரைச் சுவரோரம் நிற்க வைத்துச் சுட்டார்கள். அதற்கும் காப்போன்தான் காரணம் என்று ஊரே பேசியது, வழக்கு நிற்கவில்லை. கடைசியில் 1931 அக்டோபரில் அவனுக்குக் கிடைத்த பதினோரு ஆண்டுச் சிறை, வருமான வரி கட்டாததற்காக. வழக்கைக் கட்டியது நெஸ்ஸின் குழு அல்ல, வரித்துறையின் ஃபிராங்க் வில்சன். நெஸ் பீப்பாய்களை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் வில்சன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த முக்கியச் சான்று சூதாட்ட விடுதி ஒன்றின் பேரேடு. 1926இல் ஓர் அரசு வழக்கறிஞர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு நடந்த சோதனைகளில் எடுத்து வைத்தது அது. எடுத்தவர்கள் அதன் மதிப்பை உணரவில்லை. அது அலமாரியில் கிடந்தது.

அப்படியென்றால் இந்த எபிசோட் நடக்கும் 1927இல் அந்தப் புத்தகம் ஏற்கெனவே அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதே 1927 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சல்லிவன் என்கிற சாராய வியாபாரியின் வழக்கில், சட்டவிரோதமாகச் சம்பாதித்தாலும் வரி கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. காப்போன் விழுந்தது அந்த வாசல் வழியாகத்தான். காலக்கப்பலில் போய் இறங்குகிறவர்களுக்கு 1927இல் பார்க்கத் தகுந்த இடங்கள் ஒரு நீதிமன்றமும் ஒரு பழைய அலமாரியும். அதை வைத்து நாற்பது நிமிடத் தொடர் எடுக்க முடியாது. நெஸ் 1957 மே மாதம் இறந்தார். அவர் பெயரைப் பெரிதாக்கிய 'தி அன்டச்சபிள்ஸ்' புத்தகம் வந்தது அதற்குப் பிறகு. அப்புறம் டிவி தொடர், அப்புறம் 1987இல் படம். இந்த எபிசோடின் பெயரே அந்தப் படத்தில் ஷான் கானரி பேசும் வசனத்திலிருந்து எடுத்ததுதான். தொப்பியும் துப்பாக்கியும் படத்திலிருந்து படத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

சிக்காகோ குண்டர்களின் சவ ஊர்வலங்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். 1924இல் டீன் ஓபானியன் தன் பூக்கடைக்குள்ளேயே சுடப்பட்டான். அவனை அடக்கம் செய்தபோது லாரி லாரியாகப் பூ வந்தது. படிக்கும்போது அண்ணனின் ஊர்வலம் நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரியாத முகங்கள், ஒரே நிறச் சட்டைகள், வரிசையாக மோட்டார்கள், ஆளுயர மாலைகள். பதினெட்டு வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

*

காரியம் முடிந்து அலமாரியை ஒதுக்கும்போது எனக்கு ஒரு 555 புத்தகம் கிடைத்தது. மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சட்டைப்பை நோட்டு. நம் வீடுகளில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அண்ணனின் கையெழுத்து. தமிழ்ப்பள்ளியில் படித்தவன், அழகாக எழுதுவான். வீட்டு எண்கள், தொகைகள், தேதிகள், பக்கத்தில் சின்னதாகச் சரி குறி. அவன் ஆலோங்குக்கு வசூல் செய்துகொண்டிருந்தான்.

முதல் முறை நான்கைந்து பக்கம் புரட்டிவிட்டு மூடினேன். யாரிடமும் காட்டவில்லை. கோலாலம்பூருக்கு வந்தபோது பழைய பாடப்புத்தகங்களோடு அதுவும் வந்தது. மூன்று ஆண்டு பெட்டியில் கிடந்தது.

அந்த இரவு எபிசோடை மறுபடி நிறுத்திவிட்டு அதை எடுத்தேன். கணக்கு படித்தவனாக முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அவன் வசூலை மட்டும் எழுதவில்லை, செலவையும் எழுதியிருந்தான். பெட்ரோல் 10. பூட்டு 18. பிறகு ஒரு வரி: சிவப்பு சாயம் 12.50. அதே வரியில் எங்கள் அடுக்குமாடியின் ஒரு வீட்டு எண். மூன்றாவது மாடி. 1500 வெள்ளி கடன், வாரம் 150 வட்டி.

அந்தத் தேதி எனக்கு நினைவிருந்தது. மூன்றாவது மாடி அக்கா காலையில் நாசி லெமாக் விற்பவர். அம்மா வேலைக்குப் போன நாட்களில் அண்ணனும் நானும் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம். 2012இல் ஒரு விடியற்காலை அவர் வீட்டுக் கதவு முழுக்கச் சிவப்புச் சாயம். அவர் மகள் பள்ளிச் சீருடையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். படியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து அண்ணனிடம் கேட்டேன். "யாரோ ஆலோங் ஆளுங்கடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயத்துக்கு அவன் கொடுத்தது பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு. பாஸிடம் திருப்பி வாங்கியதற்குப் பக்கத்தில் சரி குறியும் போட்டிருந்தான்.

*

எபிசோடில் இன்னொரு கதையும் ஓடுகிறது. குழுவின் தலைவி சாரா லான்ஸ். அவள் அக்கா லாரலைக் கொன்றவன் டேமியன் டார்க். சிக்காகோவில் காப்போன் பக்கம் நிற்கும் மூன்று வில்லன்களில் அவனும் ஒருவன். ஆனால் இவன் 1987இலிருந்து கூட்டிவரப்பட்டவன். அந்தக் கொலையை இன்னும் செய்யவில்லை. இன்னொரு வில்லனான மால்கம் மெர்லின் சாராவிடம் பேரம் பேசுகிறான். எங்களுக்கு வேண்டிய தாயத்தைக் கொடு, உன் அக்கா உயிரோடு இருக்கும் வாழ்க்கையை உனக்குத் தருகிறோம் என்கிறான். சாரா ஆடிப்போகிறாள். கடைசியில் அவள் தாயத்தைக் கொடுக்கத்தான் செய்கிறாள். ஆனால் அக்காவுக்காக அல்ல, அவர்கள் பிடித்து வைத்திருக்கும் பேராசிரியர் ஸ்டைனின் உயிருக்காக.

முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. காலக்கப்பல் கையில் இருக்கிறது, அக்காவைக் காப்பாற்றக் கூடாதாம், ஆனால் அல் காப்போன் ஒழுங்காகச் சிறைக்குப் போகிறானா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இது என்ன நியாயம்? சிவப்புச் சாய வரியைப் படித்த பிறகு கேள்வி மாறிவிட்டது. எனக்கு அந்தக் கப்பல் கிடைத்தால் எந்த நாளுக்குப் போவேன்?

2013 ஜூனுக்குப் போய் அந்தக் கடை வாசலிலிருந்து அவனை இழுத்துக்கொண்டு வரலாம். ஆனால் அவன் மறுநாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு வசூலுக்குப் போவான். 2007க்குப் போய், தலையணையில் முகம் புதைத்துச் சிரிக்கிறவனை அப்படியே கூட்டி வரலாம். அதற்கும் இந்தத் தொடர் பதில் வைத்திருக்கிறது. சீசனின் பின்பகுதியில் ஸ்நார்ட் பிரமையாக அல்லாமல் உடம்போடு திரும்பி வருகிறான். வில்லன்கள் அவனைப் பழைய காலத்திலிருந்து கூட்டி வருகிறார்கள். மிக் எவ்வளவு சந்தோஷப்படுகிறான்! ஆனால் இந்த ஸ்நார்ட் அவனுக்காக உயிரைக் கொடுத்த ஸ்நார்ட் அல்ல. அந்த மாற்றம் நடப்பதற்கு முந்தையவன். முகமும் குரலும் அதேதான், மிக் ஏங்கியவன் மட்டும் அதற்குள் இல்லை. 2007இன் அண்ணனிடம் நான் எதைக் கேட்பேன்? டியூஷனைச் சாக்காகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டால், "எந்த டியூஷன்டா?" என்பான்.

*

2017 பொங்கலுக்குக் கிள்ளான் போனேன். நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு இறங்கினேன். அக்கா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன சொல்வதென்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "தெரியும் தம்பி" என்றார். "மூஞ்சில துணி கட்டிக்கிட்டா ஆள் தெரியாதா? படி ஏறி ஓடுற சத்தம் தெரியாதா? என் வீட்டுல சோறு தின்ன பையன்."

"அம்மாகிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொல்லி? அது என்ன செய்யும் பாவம்."

கொஞ்ச நேரம் நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிராமலே சொன்னார்: "அவன் செத்தன்னிக்கு அழுதேன்டா. அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கவும் செஞ்சேன்."

நான் பதில் சொல்லவில்லை. வெளியே வரும்போது கதவைப் பார்த்தேன். நீல வண்ணம் அடித்திருந்தார்கள். கீல் பக்கத்தில், தூரிகை போகாத இடுக்கில், சிவப்பு இன்னும் தெரிந்தது.

ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுத வேண்டும் என்பது கணக்கியலில் முதல் வாரப் பாடம். என் அண்ணனை எனக்கு வரவாக எழுதினால், மூன்றாவது மாடியில் ஓர் இரவின் தூக்கத்தைப் பற்றாக எழுத வேண்டியிருக்கும். அந்தப் பெண் பிள்ளை மறுபடி சீருடையோடு கதவருகே நின்று அழ வேண்டியிருக்கும். நெஸ் செத்து, காப்போன் தப்பித்து, சிக்காகோ தொடர்ந்து அவன் கையில் இருக்கும் 1927ஐப் பார்த்தபோது அது எனக்கு வெறும் கதைக்கான சாக்காகத்தான் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. காலத்தைக் கலைக்கிறவர்கள் எப்போதும் தங்கள் துக்கத்தை யாரோ தெரியாதவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தெரியாதவரின் வீட்டு எண் தெரியும்.

இதனால் அது பெரிய கலைப்படைப்பு ஆகிவிடாது. காப்போன் ஒரு கோட்டும் சுருட்டுமாக வந்துபோகிறான். சாராயம் குடித்து யார் வீடு அழிந்தது, மாமூல் கட்ட முடியாத கடைக்காரன் என்ன ஆனான் என்றெல்லாம் எபிசோடுக்குக் கவலையில்லை. ஆனாலும் தோழன் செத்த துக்கத்தைக் குழுவிலேயே முரடனான ஒரு திருடனிடம் கொடுத்ததும், வில்லனை வீழ்த்தக் கணக்குப் புத்தகத்தைத் தேடச் சொன்னதும் எனக்குப் போதுமாக இருந்தது. 2017 ஏப்ரலில் வந்த சீசனின் கடைசி எபிசோடில் சாராவின் கையில் உலகத்தையே மாற்றி எழுதும் ஈட்டி இருக்கும். லாரல் அவள் கண்முன் வந்து நிற்பாள். அப்போதும் அவள் அக்காவை மீட்டுக்கொள்ள மாட்டாள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் செலவு வரிகளைப் படிப்பதுதான் பிழைப்பு. கப்பல் கிடைத்தால் எங்கே போவேன் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2011, அந்தப் பாலாய் வாசல். அவனை வெளியே கொண்டுவர அல்ல. அடித்தவன் அவன்தான், அவன் உள்ளே இருக்க வேண்டியவன். அம்மாவோடு போய், அம்மாவுக்காக மலாயில் பேசிவிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் அவன் பார்க்கும் இடத்தில் நின்றுவிட்டு வருவேன். வரலாறு எதுவும் மாறாது.

555 புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. எரித்துவிடு என்று நண்பன் சொன்னான், மனம் வரவில்லை. அண்ணனின் கையெழுத்தில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போன வாரம் தொலைபேசியில், "அண்ணன் சாமான் எதாச்சும் உங்கிட்ட இருக்காடா?" என்று கேட்டார். "ஒண்ணு இருக்கும்மா, அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கிறேன்.